மார்ச் 8-க்கு யாரை அழைப்பது? வேலூர்ப் பக்கம் பிற பெண்களுக்கு வாசல் திறந்தவர்கள்

பாலாற்றங்கரை | பிப்ரவரி 6, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெரு வாசகர் வட்டம் இந்த ஆண்டு மகளிர் நாளில் ஐந்து பெண்களை அழைத்து மரியாதை செய்ய முடிவெடுத்திருக்கிறது. பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. யாரை அழைப்பது, எப்படி மரியாதை செய்வது என்ற இரண்டு கேள்விகளோடு உங்களிடம் வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு நான் போயிருந்த ஒரு விழாவைச் சொல்லிவிடுகிறேன். யார் நடத்தியது என்பது வேண்டாம். மேடையில் ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேசியவர்கள் ஒன்பது ஆண்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் கிராமச் செவிலியர், முப்பது ஆண்டுகள் பிரசவம் பார்த்தவர். "ஐந்தரைக்கு எங்கள் ஊர் பஸ், அதை விட்டால் எட்டரைக்குத்தான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏழு மணிக்குப் பொன்னாடை போர்த்திப் புகைப்படம் எடுத்தார்கள். ஆறு பேரில் ஒருவர் கைக்கும் ஒலிவாங்கி போகவில்லை. அன்றைக்கு எனக்கு இரவெல்லாம் ஆறவில்லை.

என் மனத்தில் இருக்கும் அளவுகோல் இதுதான். "முதல் பெண்" என்ற பட்டம் மட்டும் போதாது. ஒரு பெண் முதன்முதலில் ஓர் இடத்துக்குள் போவது பெரிய காரியம், மறுக்கவில்லை. போனபின் திரும்பிப் பார்த்து அடுத்தவளை "வா" என்று கூப்பிட்டாரா? அவருக்குப் பின்னால் எத்தனை பேர் அந்த வாசலில் நுழைந்தார்கள் என்று நம்மால் விரல்விட்டாவது எண்ண முடிய வேண்டும்.

வேலூர் மட்டும் என்றில்லை. இராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணி, ஜவ்வாது மலை எல்லாம் சேர்த்துப் பழைய வட ஆற்காடு என்றே வைத்துக்கொள்வோம்.

கோட்டைவாசல் | பிப்ரவரி 6, இரவு 10.02

நல்ல முயற்சி அம்மா. மேடையில் முதலில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் படம் இருக்க வேண்டும். மற்றவர்களைப் பிறகு பேசலாம்.

சத்துவாச்சாரியார் | பிப்ரவரி 7, காலை 6.35

கோட்டைவாசல் அவர்களே, மரியாதையோடு மாறுபடுகிறேன். அவர் அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தவர். மருத்துவமனை இருக்கும் சாலைக்கே அவர் பெயர்தான். 2000-ஆம் ஆண்டு அந்த மருத்துவமனையின் நூற்றாண்டுக்கு அஞ்சல் தலையும் வந்துவிட்டது. இருப்பது ஐந்து நாற்காலி. ஏற்கெனவே உலகம் கொண்டாடுகிறவருக்கு அதில் ஒன்றா? பெயரே வெளியே வராத உள்ளூர்ப் பெண்களுக்கு அந்த இடத்தை விடுங்கள்.

கோட்டைவாசல் | பிப்ரவரி 7, காலை 8.20

வெளியூர்க்காரர் என்று நீங்கள் சொன்னதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். அவர் பிறந்தது 1870 டிசம்பர் 9, இராணிப்பேட்டையில். இங்கேயே பிறந்து, பல பத்தாண்டுகள் இங்கே உழைத்து, 1960-ல் கொடைக்கானலில் மறைந்தவர். உள்ளூர்க்காரர் ஆவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து கதவைத் தட்டிய கதையைப் பள்ளியிலேயே கேட்டிருப்போம். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் இன்னொரு இந்து. மனைவியருக்குப் பேறுகால வேதனை. ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்று அவரவர் வழக்கம். ஐடாவோ அப்போது மருத்துவம் படிக்காத இளம்பெண். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். எல்லோரும் இதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். பின்னால் நடந்ததுதான் நம் இழையின் பொருளுக்கு நெருக்கமானது.

அவர் 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1902-ல் 40 படுக்கை மருத்துவமனை எழுந்தது. தானே மருத்துவம் பார்த்துக்கொண்டு நல்ல பெயரோடு இருந்திருக்கலாம். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்தார். பெண் பிள்ளைகள் யார் வரப்போகிறார்கள் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். முதல் ஆண்டிலேயே வந்த விண்ணப்பங்கள் 151. அந்த முதல் வகுப்பில் படிப்பை முடித்த 14 பெண்களும் 1922-ல் அரசுத் தேர்வில் தேறினார்கள். பாலாற்றங்கரை அம்மா கேட்ட எண்ணிக்கை இதுதானே?

பாகாயத்து மகள் | பிப்ரவரி 7, மதியம் 1.45

இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

என் அம்மா செவிலியர். அணைக்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். 1960-களின் கடைசியில் அம்மா பள்ளிப்படிப்பை முடித்தபோது, நர்சு வேலை என்றாலே வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். "கண்டவர் உடம்பைத் தொடுகிற வேலை, இராத்திரியில் வெளியே தங்குகிற வேலை, யார் வந்து பெண் கேட்பான்?" என்று தாத்தா ஒரே பிடியாக இருந்திருக்கிறார். வேலூரில் 1909-லேயே செவிலியர் பயிற்சி வந்துவிட்டது. 1946-ல் பட்டப்படிப்பும் வந்துவிட்டது, நாட்டிலேயே முதலில் தொடங்கியவற்றில் ஒன்று. ஆனால் கட்டடம் வந்ததும் கிராமத்துத் திண்ணை மாறிவிடுமா?

திண்ணையை மாற்றியவர் ஒரு மூத்த செவிலியர். பக்கத்து ஊர் வாத்தியார் மகள். விடுமுறை நாளில் வெள்ளைப் புடவையில் பஸ் இறங்கி நடந்து வந்து, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, ஆயா கொடுத்த கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு, தாத்தாவிடம் சம்பளம், விடுதி, காவல், சாப்பாடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாராம். தாத்தா அன்று சம்மதிக்கவில்லை. அடுத்த வாரமும் வந்தார். மூன்றாம் முறை வந்தபோது தாத்தாவே, "சரி, உன் பொறுப்பு" என்று அம்மாவை அவரோடு அனுப்பினார்.

அம்மா தன் பணிக்காலம் முழுவதும் அதே வேலையைத் தானும் செய்தார். லீவு நாளில் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்திருப்பார். எங்கள் ஊரிலிருந்து மட்டும் நான்கு பெண்கள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். அவர்களில் ஒருவருடைய மகள் இன்று அறுவை அரங்கில் பொறுப்பாளர்.

அந்த மூத்த செவிலியர் இப்போது இல்லை. எந்தக் கல்வெட்டிலும் இல்லை. சத்துவாச்சாரியார் ஐயா சொல்வதும் சரி, கோட்டைவாசல் சொல்வதும் சரி. ஐடா அம்மையார் வாசல் வைத்தார். அந்த வாசல்வரை பெண்களைக் கூட்டிவந்த கால்கள் இவர்களுடையவை.

சத்துவாச்சாரியார் | பிப்ரவரி 7, மாலை 5.30

பாகாயத்து மகளே, உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல் அம்மா. நான் கேட்டது இதைத்தான்.

காட்பாடி சந்திப்பு | பிப்ரவரி 7, இரவு 8.15

பேச்சு மருத்துவமனையைச் சுற்றி வந்துவிட்டதால் மருத்துவர் மேரி வர்கீஸையும் சொல்லிவிடுகிறேன். கொச்சியில் பிறந்தவர், இங்கே படித்தவர். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனது. மருத்துவப் பணி முடிந்தது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, அதற்கென இந்தியாவிலேயே முதல் துறையை வேலூரில் வழிநடத்தினார். பாகாயத்தில் இருக்கும் மறுவாழ்வு நிலையம் 1966-ல் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ.

என் தங்கை மாடியிலிருந்து விழுந்து இரண்டு மாதம் அங்கே இருந்தாள். சக்கர நாற்காலியில் இருந்தபடி சமைக்கவும், குழந்தையைத் தூக்கவும், கடைக்குப் போய்வரவும் கற்றுக்கொடுத்தார்கள். அடிபட்ட பெண்ணை வீட்டு மூலையில் போட்டுவிடும் ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

தொரப்பாடி வாசி | பிப்ரவரி 8, காலை 7.00

எங்கள் பகுதியில் சிறையும் இருக்கிறது. விடுதலைப் போராட்டத்தில் பெண்களை அடைத்த இடம் வேலூர்தான். 1930-ல் வேதாரண்யம் உப்புப் போராட்டத்தில் கைதான ருக்மிணி லட்சுமிபதி இங்கே இருந்தார். 1946-ல் சென்னை மாகாணத்தின் சுகாதார அமைச்சரும் ஆனார். கடலூர் அஞ்சலை அம்மாள் கருவுற்ற நிலையில் இங்கே சிறையில் இருந்து, பிரசவத்துக்காக வெளியே விடப்பட்டு, கைக்குழந்தையோடு மறுபடி உள்ளே வந்தவர். 1937-ல் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். இவர்கள் நம் ஊர்க்காரர்கள் இல்லைதான். நம் ஊர்ச் சுவர்களுக்குள் இருந்தவர்கள். விழாவில் ஒரு நிமிடம் இவர்களையும் சொல்லலாம்.

அணைக்கட்டு உழவர் | பிப்ரவரி 8, பிற்பகல் 3.25

இறந்தவர்களைப் பேசிக்கொண்டே இருந்தால் மேடையில் யார் உட்காருவார்கள்? இன்று வேலை செய்கிறவர்களுக்கு வருவோம்.

உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 1996 தேர்தலில் தொடங்கி, 2016-ல் சட்டம் திருத்திப் பாதி இடம் ஆக்கினார்கள். நம் மூன்று மாவட்டங்களுக்கும் ஊரகத் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. பாதிப் பேர் பெண் தலைவர்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். சுவரொட்டியில் பெண்ணின் படம் சின்னதாக, கணவரின் படம் பெரிதாக.

எனக்குத் தெரிந்த ஓர் ஊராட்சியில் அந்த அம்மா முதல் கூட்டத்துக்கு வந்தபோது தலைவர் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருக்கிறார். அம்மா நின்றபடியே செயலரிடம் சொன்னார்: "காசோலையில் கையெழுத்து நானும் துணைத் தலைவரும் போட வேண்டும். நின்றுகொண்டு எனக்குக் கையெழுத்து வராது." கணவர் எழுந்துவிட்டார். அதன்பிறகு ஒருநாளும் அலுவலகத்துக்கு வரவில்லை.

இதற்காக மட்டும் நான் அவரைச் சொல்லவில்லை. கிராம சபைக்கு முந்தைய நாள் மாலை அங்கன்வாடியில் ஊர்ப் பெண்களைக் கூட்டி, மறுநாள் வரப்போகும் வரவு செலவுக் கணக்கை அவரே உரக்கப் படிப்பார். மின்விளக்கு வாங்கியது எத்தனை, குழாய்க்குச் செலவு எவ்வளவு, எந்தத் தெருவுக்கு வரவில்லை. மறுநாள் சபையில் கேள்வி கேட்பவர்கள் பெண்கள். தன் கணக்கின்மேல் தன்னையே கேள்வி கேட்கும்படி அவர்களைத் தயார் செய்தார். எங்கள் பக்கத்தில் அதுவரை கிராம சபை என்றால் பெண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வரிசையில் தரையில் உட்காருவார்கள். இப்போது அந்த ஊரில் அடுத்த தேர்தலில் நிற்கிறேன் என்று மூன்று பெண்கள் வெளிப்படையாகச் சொல்கிறார்கள்.

ஏலகிரி அடிவாரம் | பிப்ரவரி 8, மாலை 6.40

உழவர் ஐயா, நல்லதைச் சொன்னீர்கள். திறக்காத கதவையும் சொல்ல வேண்டும். ஆம்பூர்ப் பக்கம் நாயக்கனேரி மலை ஊராட்சி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, 2021-ல் ஒருவர் போட்டியின்றித் தேர்வானார். ஊரின் எதிர்ப்பு வழக்காகி, பதவியேற்க முடியாமல் நின்றார். சட்டம் நாற்காலியைக் கொடுத்தாலும் சாதி அதைப் பின்னால் இழுத்துக்கொள்கிறது. விழா மேடையில் இதைப் பேசாமல் பூங்கொத்து மட்டும் கொடுத்தால் எனக்கு மனம் ஒப்பாது.

நம்பிக்கையான ஒன்றும் சொல்கிறேன். ஸ்ரீபதி. மலையாளிப் பழங்குடிப் பெண், ஏலகிரி மலையில் படித்தவர், ஜவ்வாது மலைப் புலியூரில் வாழ்க்கைப்பட்டவர். 2023-ல் உரிமையியல் நீதிபதித் தேர்வு, பிரசவமான இரண்டாம் நாள். பச்சை உடம்போடு 200 கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் சென்னை போய் எழுதித் தேறினார், 23 வயதில். எங்கள் மலையில் இப்போது பெண்பிள்ளைகள் "நான் ஸ்ரீபதி அக்கா மாதிரி" என்கிறார்கள். அந்தப் பேச்சு அதற்கு முன்னால் கிடையாது.

கோட்டைவாசல் | பிப்ரவரி 8, இரவு 9.05

மாநகராட்சியையும் விட்டுவிடக் கூடாது. 2022-ல் மேயராகப் பொறுப்பேற்றவர் பெண். அதே தேர்தலில் 37-ஆவது வார்டில் திருநங்கை கங்கா நாயக் வென்று மாமன்றத்துக்குள் போனார். வீட்டுக் கதவே சாத்தப்பட்டவர்களுக்கு மாமன்றக் கதவு திறந்தது சின்ன விஷயமா?

சத்துவாச்சாரியார் | பிப்ரவரி 9, காலை 6.10

கட்சிக்காரர்கள் மேடைக்கு வந்தால் கொடியும் கூடவே வரும். யோசியுங்கள்.

பாலாற்றங்கரை | பிப்ரவரி 9, காலை 9.30

ஐயா, கொடி வரக் கூடாது என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் அரசியலில் இருக்கும் பெண் என்பதாலேயே ஒதுக்கினால், வீதியில் வாக்குக் கேட்டு, ஏச்சு வாங்கி வந்தவர்களை நாமும் வெளியே நிறுத்தியதாகிவிடும். அதை நான் செய்ய மாட்டேன்.

கண்ணமங்கலம் கிணறு | பிப்ரவரி 9, பிற்பகல் 2.15

தலைவர் என்று ஒருத்தரைத் தேடுவதிலேயே எனக்குத் தயக்கம் இருக்கிறது. நாகநதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலையில் பிறந்து எங்கள் பக்கமாக வரும் ஆறு, பல ஆண்டுகளாக மணலாகக் கிடந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் பெண்கள்தான் இறங்கினார்கள். செய்திகளில் வந்த கணக்கு சுமார் 20,000 பெண்கள். உறை இறக்கி உறிஞ்சுகிணறு வெட்டினார்கள், ஓடைகளில் கல் அடுக்கித் தடுப்பு கட்டினார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலி உரையில்கூட நாகநதிப் பெண்கள் இடம்பெற்றார்கள்.

நான் அந்த வேலைக்குப் போனவள். எங்கள் குழுவில் யார் தலைவி என்று கேட்டால் சொல்ல வராது. அளவு நாடா பிடிக்கத் தெரிந்தவள் ஒருத்தி, வருகைப்பதிவு எழுதுகிறவள் ஒருத்தி, மேற்பார்வையாளரிடம் கூலி குறைந்தால் கேட்கிற வாய் இருந்தவள் ஒருத்தி. முதல் ஆண்டு ஆழத்தை ஆண்கள்தான் அளந்து சொன்னார்கள். மூன்றாம் ஆண்டு நாங்களே அளந்தோம், எங்கே தோண்டினால் தண்ணீர் இறங்கும் என்று நாங்களே சொன்னோம். எங்கள் வீட்டுக் கிணற்றில் நீர் ஏறியதைப் பார்த்த அன்று என் மாமியார் கற்பூரம் ஏற்றினார்.

ஐந்து நாற்காலியில் ஒன்றில் யார் உட்காருவது என்று கேட்டால் எங்களுக்குள் சண்டைதான் வரும்.

பாலாற்றங்கரை | பிப்ரவரி 9, இரவு 8.50

கண்ணமங்கலம் அம்மா, உங்களுக்கு நாற்காலி வேண்டாம், ஒரு பாய் விரிக்கிறோம். பத்துப் பேராக வாருங்கள்.

அடுத்தது மரியாதையை எப்படிச் செய்வது. நான் நினைத்தது: பொன்னாடை கிடையாது, கேடயம் கிடையாது. அந்தப் பணத்தில் இரண்டு பெண்களுக்கு அரசுத் தேர்வு விண்ணப்பக் கட்டணமும் ஒருவருக்கு ஓட்டுநர் உரிமச் செலவும் கட்டலாம். ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடம் பேச்சு. ஆண் பேச்சாளர்கள் இல்லை. அவரால் உள்ளே வந்த ஒரு பெண் அவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

பேரணாம்பட்டு வழி | பிப்ரவரி 10, காலை 7.45

எல்லாம் சரி. பொன்னாடை கிடையாது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

எங்கள் ஆயா (பாட்டி) பள்ளிக்கூடச் சத்துணவில் உதவியாளராக வேலை செய்தவர். ஓய்வு பெற்ற அன்று தலைமையாசிரியை ஒரு பொன்னாடை போர்த்தினார். அறுபது ரூபாய்கூட இருக்காது, சரிகை நூல் பிரிந்துகொண்டே இருக்கும். அதை அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்தார். யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவார். சாகும்போது அதைத்தான் தன்மேல் போடச் சொன்னார், போட்டோம்.

வாரம் ஒரு பொன்னாடை வாங்குகிறவர்களுக்கு அது துணி. வாழ்நாளில் ஒன்றுமே வாங்காதவளுக்கு அப்படி இல்லை. அவள் கைக்கு வரும்போதா "அது வீண்செலவு" என்று நமக்குத் தோன்ற வேண்டும்?

பாலாற்றங்கரை | பிப்ரவரி 10, காலை 10.20

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை. நீங்கள் சொல்வதுதான் சரி. என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். பொன்னாடை உண்டு. குடியாத்தம் நெசவா, வேறு கைத்தறியா என்று பார்த்து நல்லதாகவே வாங்குவோம். போர்த்துவது அவரால் வழி பெற்ற பெண்ணாக இருக்கட்டும்.

குடியாத்தம் நெசவு | பிப்ரவரி 10, இரவு 11.15

குடியாத்தம் என்றதும் எழுத வேண்டும் என்று தோன்றியது. தயங்கித் தயங்கி எழுதுகிறேன். நான் சொல்லப்போவது என் அத்தையை. சொந்த அத்தை என்பதால் பரிந்துரைப்பது முறையா என்று தெரியவில்லை, படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அத்தை பீடி சுற்றுகிறவர். எட்டாவது வரை படித்தவர். எங்கள் தெருவில் அப்போது படிக்கத் தெரிந்த ஒரே பீடித் தொழிலாளி அவர்தான். கம்பெனியில் இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பார்கள், சுற்றிய பீடியைக் கட்டிக் கொண்டுபோனால் எண்ணி, கழிவு என்று ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டு மீதியைச் சிட்டையில் எழுதுவார்கள். என்ன எழுதினார்கள் என்று எங்கள் பெண்களுக்குத் தெரியாது. அத்தை எல்லாருடைய சிட்டையையும் வாங்கிப் படித்தார். கழித்தது எவ்வளவு, கூலி போட்டது எவ்வளவு என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னார். ஒரு மாதம் கழித்து ஏழு பெண்கள் சேர்ந்து போய், கழித்த பீடியைத் திருப்பிக் கொடு என்று கேட்டார்கள். கழிவு பாதியாகக் குறைந்தது.

பீடித் தொழிலாளருக்கு 1966-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வருங்கால வைப்பு நிதியும் உண்டு. எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அத்தை தெரிந்துகொண்டு வந்தார். வைப்பு நிதி எண் வாங்க, வங்கியில் கணக்குத் தொடங்க, கையெழுத்து வேண்டும். கைநாட்டு வைத்தால் அங்கே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் என்று பெண்களுக்குக் கூச்சம். அத்தை என்ன செய்தார் தெரியுமா? முறத்தில் பீடித்தூளைப் பரப்பி, அதில் விரலால் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்தார். தப்பாக எழுதினால் முறத்தை ஓர் ஆட்டு ஆட்டினால் அழிந்துவிடும். சிலேட்டு வாங்க வேண்டியதில்லை, வேலையும் கெடவில்லை. மாலை நேரத்தில் திண்ணையில் எட்டுப் பத்து முறங்கள். தும்மிக்கொண்டே எழுதுவார்கள். நான் சிறுமியாக அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அன்று எழுத்து கற்றுக்கொண்டவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அவர்தான். ஒவ்வோர் ஆண்டும் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் படிவம் நிரப்புவார். பெண்பிள்ளைகளுடையதை முதலில் நிரப்புவார். பையன்களின் அப்பாக்கள் கோபித்துக்கொண்டால், "உன் பையனுக்கு நீ நிரப்பு, இவளுக்கு யார் இருக்கிறார்கள்?" என்பார். அந்தத் தொகையில் புத்தகம் வாங்கிப் படித்தவள் நான். இன்று கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய பெண்களைப் போன வாரம் எண்ணிப் பார்த்தேன், பதினொருவர்.

அத்தைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. நெஞ்சு சரியில்லை, அவ்வளவு ஆண்டுத் தூள். இன்னும் படிவம் நிரப்புகிறார், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு.

பாகாயத்து மகள் | பிப்ரவரி 10, இரவு 11.50

முறை, முறையில்லை என்றெல்லாம் யோசிக்காதீர்கள். அவரை அழைத்து வாருங்கள். வருவாரா?

சத்துவாச்சாரியார் | பிப்ரவரி 11, காலை 5.50

முதல் நாற்காலி அந்த அம்மாவுக்கு. ஐடா அம்மையார் படத்தையும் வையுங்கள், எனக்கு மறுப்பில்லை. பக்கத்தில் ஒரு முறத்தையும் வையுங்கள்.

குடியாத்தம் நெசவு | பிப்ரவரி 12, இரவு 9.40

அத்தையிடம் பேசினேன். முதலில் முடியவே முடியாது என்றார். "நான் என்ன பெரிய காரியம் செய்தேன், படிக்கத் தெரிந்தது, படித்தேன்" என்றார். மேடையில் பேச வேண்டுமா என்று நாலு முறை கேட்டார். பேச விருப்பமில்லை என்றால் வேண்டாம், ஆனால் ஒலிவாங்கி உங்கள் கைக்கு வரும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அன்றைக்குக் கழிவு கேட்டுக் கம்பெனிக்கு வந்தார்களே, அவர்களில் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் வந்தால் வருகிறேன்" என்கிறார். ஒருத்தரால் அவ்வளவாக நடக்க முடியாது.

பாலாற்றங்கரை | பிப்ரவரி 13, காலை 8.05

ஐந்து பேரும் வரட்டும். ஐந்து பொன்னாடை கூடுதலாகச் சொல்லிவிட்டேன், குடியாத்தம் நெசவுதான். மார்ச் 8 காலை எட்டு மணிக்கு உங்கள் தெரு முனைக்கு வேன் வரும். முன்னிருக்கை நடக்க முடியாதவருக்கு. மாலை நான்கு மணிக்கு விழா முடிந்துவிடும், யாருடைய பஸ்ஸும் போகாது. அணைக்கட்டு உழவர் ஐயா, உங்கள் ஊராட்சித் தலைவரிடமும், ஏலகிரி அடிவாரம் அவர்களே, மலைப் பிள்ளைகளிடமும் இந்த நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

குடியாத்தம் மகளே, அத்தையிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அந்தப் பழைய முறம் இன்னும் வீட்டில் இருக்கிறதா?